ஆலை ஓய்ந்த பின் ஊர்: ஆஸ்திரேலிய நாம்பூர் தரும் படிப்பினை

ஓர் ஊரில் ஆலை எழுமானால் வேலை பெருகும், கடைகள் பெருகும், நிலத்தின் மதிப்பு உயரும் என்பதை யாவரும் அறிவர். அந்த ஆலை ஒரு நாள் ஓய்ந்துவிட்டால் ஊர் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்கு, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள நாம்பூர் என்னும் ஊரின் வரலாறு பெரிதும் பயன்படும். பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். பெயர் நம் செவிக்குத் தமிழ்ப் பெயர்போல் ஒலித்தாலும், அது அந்நாட்டுப் பழங்குடி மக்களின் மொழியில் செந்நிறப் பூப் பூக்கும் ஒரு செடியைக் குறிப்பதாகும்.

நாம்பூரில் 1897-ஆம் ஆண்டு முதல் 2003-ஆம் ஆண்டு வரை ஒரு சர்க்கரை ஆலை ஓடியது. மோர்ட்டன் மத்திய சர்க்கரை ஆலை என்பது அதன் பெயர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவ்வூரின் வாழ்வு அந்த ஆலையைச் சுற்றியே அமைந்திருந்தது.

நிலத்தை ஈடு வைத்து எழுப்பிய ஆலை

குவீன்ஸ்லாந்தில் சர்க்கரைத் தொழில் முதலில் பெருந்தோட்ட முதலாளிகளின் கையில் இருந்தது. கரும்பு விளைவிப்பதும், ஆட்டுவதும், விற்பதும் அவர்களே. தோட்ட வேலைக்குப் பசிபிக் தீவுகளிலிருந்து 1863 முதல் 1904 வரை ஏறத்தாழ 62,000 ஒப்பந்தங்களின்கீழ் தீவு மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பலர் ஏமாற்றப்பட்டும் பலவந்தமாகவும் கப்பலேற்றப்பட்டவர்கள். இம்முறையை எதிர்த்துக் கண்டனக் குரல் எழுந்தது. சிறு விவசாயிகள் தங்கள் நிலத்தில் தாங்களே கரும்பு பயிரிட்டு, பொதுவான ஓர் ஆலையில் ஆட்டினால் என்ன என்ற எண்ணமும் உடன் பிறந்தது.

சாமுவேல் கிரிஃபித் தலைமையில் இருந்த சர்க்கார், மக்காய் வட்டாரத்தில் இத்தகைய மத்திய ஆலைகளை அமைக்க 1885-ல் 50,000 பவுன் ஒதுக்கியது. நார்த் ஈட்டன், ரேஸ்கோர்ஸ் ஆகிய இரண்டு ஆலைகள் அவ்வாறு எழுந்தன. பின்னர் 1893-ல் சர்க்கரை ஆலை உத்தரவாதச் சட்டம் நிறைவேறியது. அதன் ஏற்பாடு எளிமையானது. ஒரு வட்டாரத்து விவசாயிகள் ஒன்றுகூடி ஒரு கம்பெனி அமைப்பார்கள். தங்கள் நிலங்களைச் சர்க்காருக்கு ஈடாக வைப்பார்கள். சர்க்காரின் உத்தரவாதத்தின் பேரில் ஆலை கட்டக் கடன் கிடைக்கும். அரவையில் வரும் வருமானத்தைக் கொண்டு கடனை அடைக்க வேண்டும்.

நாம்பூரின் ஆலை இச்சட்டத்தின்கீழ் அமைந்ததே. 1891-ல் ரயில் பாதை வந்திருந்தமையால் இயந்திரங்களைக் கொண்டுவரவும் சர்க்கரையை அனுப்பவும் வழி இருந்தது. 1897-ல் முதல் அரவை நடைபெற்றது. சொந்த நிலத்தைப் பணயம் வைத்து ஆலை கட்டுவது சிறு துணிவு அன்று. ஒரு பருவம் மழை பொய்த்தாலும், உறைபனி பயிரைக் கருக்கினாலும் நிலத்துக்கே ஆபத்து. இச்சட்டத்தின்கீழ் எழுந்த ஆலைகளுள் சில கடனைக் கட்ட இயலாமல் சர்க்கார் வசம் சென்றதும் உண்டு.

இந்த முயற்சியின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் தகாது. கரும்பு விளைந்த மண் அதற்கு முன் கபி கபி என்னும் பழங்குடி மக்களுடையது. தோட்டங்களில் உழைத்த தீவு மக்களோ, 1901-ல் புதிய ஆஸ்திரேலியக் கூட்டாட்சி இயற்றிய சட்டத்தால் பெரும்பாலும் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். மத்திய ஆலைத் திட்டத்தின் பயன் வெள்ளையர் குடும்பங்களுக்கே உரியதாக வகுக்கப்பட்டிருந்தது.

வீதி நடுவே கரும்பு ரயில்

வெட்டிய கரும்பு காத்திராது என்பதை நம் விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெட்டிய நாழிகை முதல் அதில் உள்ள சர்க்கரைச் சத்து குறையத் தொடங்கும். இயந்திரத்தால் துண்டு துண்டாக வெட்டப்பட்ட கரும்பு இன்னும் விரைவில் கெடும். அதை ஒரு நாளுக்குள் ஆட்டிவிட வேண்டும். ஆகவே வயலுக்கும் ஆலைக்கும் இடையே தடையற்ற போக்குவரத்து இன்றியமையாதது.

இதற்கென நாம்பூர் ஆலை 2 அடி அகலமுள்ள சிறு இருப்புப் பாதைகளை அமைத்தது. மரூச்சி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் இருந்த வயல்களிலிருந்து கரும்பு ஏற்றிய சிறு ரயில்கள் ஊருக்குள் வந்தன. ஹோவர்ட் வீதியின் நடுவே தண்டவாளம் ஓடியது. அரவைக் காலத்தில் கரும்பு ரயில் கடந்து செல்லும்வரை வண்டிகள் நின்று வழிவிடுவது அவ்வூர் மக்களின் அன்றாட வழக்கம். ஆலைத் தொழிலாளருக்கு வீடுகள் எழுந்தன. ஜூன் முதல் டிசம்பர் வரை நடக்கும் அரவைப் பருவமே கடைக்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் காலக் கணக்காக இருந்தது.

உள்ளாட்சி அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்க ஒரு செய்தி இங்கே உண்டு. ஆலைப் பாதையில் மலைப்பக்கம் செல்லும் ஒரு பகுதியை மரூச்சி உள்ளாட்சி மன்றம் விலைக்கு வாங்கியது. அதை மேப்பிள்டன் என்னும் மலையூர் வரை நீட்டி, 1915 முதல் 1940-களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் தானே ரயில் ஓட்டியது. பழமும் மரமும் பிரயாணிகளும் அதில் இறங்கி வந்தனர். ஆலைக்கென எழுந்த வசதியைக் கரும்பு பயிரிடாத மக்களுக்கும் பயன்படச் செய்த செயல் இது.

சட்டம் போட்ட முடிச்சு

ஆலை ஒன்றுதான், விவசாயிகளோ பலர். விலையை ஆலையே தீர்மானித்தால் விவசாயி என் செய்வான்? இக்குறையைப் போக்க குவீன்ஸ்லாந்து சர்க்கார் 1915-ல் கரும்பு விலை ஒழுங்குச் சட்டத்தை இயற்றியது. ஆலைக்காரரும் விவசாயிகளும் இடம்பெற்ற வாரியங்கள் விலையை வகுத்தன. ஒவ்வொரு விவசாயியின் கரும்பிலும் உள்ள சர்க்கரைச் சத்து தனித்தனியே அளக்கப்பட்டு, அதற்கேற்ப விலை தரப்பட்டது. மொத்தத்தில், சர்க்கரை விற்ற தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விவசாயிகளுக்கும் ஒரு பங்கு ஆலைக்கும் சேர்ந்தது.

அன்றியும், இன்ன நிலத்துக் கரும்பு இன்ன ஆலைக்கு என்று ஒதுக்கீடு செய்யப்பட்டது. அந்த நிலத்துக் கரும்பை ஆலை ஏற்றே தீர வேண்டும். விவசாயியும் அந்த ஆலைக்கே தர வேண்டும். இவ்வொதுக்கீட்டால் பல தலைமுறைகள் நிம்மதியாகப் பயிரிட்டன. ஆயினும் இம்முடிச்சில் ஒரு குறை இருந்தது. ஆலை ஓடும்வரை கரும்பை வாங்கு என்று சட்டம் கட்டளையிட்டது; ஆலையை ஓட்டிக்கொண்டே இரு என்று அது கட்டளையிட இயலாது.

நெருப்பு அணைந்தது ஏன்?

ஆண்டுகள் செல்லச் செல்ல ஆலையின் உரிமை வட்டாரத்தாரின் கையைவிட்டு அகன்றது. இறுதியில் அது பண்டபர்க் சர்க்கரை நிறுவனத்தைச் சேர்ந்திருந்தது. அந்த நிறுவனத்தை 1991-ல் இங்கிலாந்தின் டேட் அண்ட் லைல் கம்பெனியும், 2000-ல் பெல்ஜியம் நாட்டு ஃபினாசுக்கர் கம்பெனியும் வாங்கின. நிலத்தை ஈடு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கரும்பு தருபவர்கள் மட்டுமே. ஆலையைப் பற்றிய முடிவு கடல் கடந்த ஊரில் எடுக்கப்படும் நிலை வந்தது.

அதே சமயம் வேறு இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, கடற்கரையை ஒட்டிய அவ்வட்டாரம் உல்லாசப் பிரயாணிகளையும் புதுக் குடியேறிகளையும் ஈர்த்தது. மேட்டு நிலங்கள் வீட்டு மனைகளாயின. கரும்புப் பரப்பு சுருங்கியது. இரண்டாவது, பிரேசில் நாட்டின் உற்பத்தி பெருகி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை மிகவும் தாழ்ந்து கிடந்தது. தன் சர்க்கரையின் பெரும் பகுதியை ஏற்றுமதி செய்யும் ஆஸ்திரேலியாவுக்கு இது பேரிடியாயிற்று.

ஆலையின் கணக்கை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். கொதிகலன், அரவை உருளைகள், தண்டவாளம், தொழிலாளர் சம்பளம் ஆகிய செலவுகள் கரும்பு மிகுதியாக வந்தாலும் குறைவாக வந்தாலும் பெரிதும் மாறுவதில்லை. கரும்பு குறையக் குறைய ஒவ்வொரு டன்னின் மேலும் சுமை ஏறும். ஒரு விவசாயி நிலத்தை மனையாக விற்பது அவருடைய சொந்த விஷயம் போலத் தோன்றும். ஆனால் பலர் விற்கும்போது, விற்காமல் இருப்பவருடைய ஆலையும் சேர்ந்தே பறிபோகிறது. நாம்பூரில் நிகழ்ந்ததும் அதுவே. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் அரவை முடிந்தபின் ஆலை மீண்டும் ஓடவில்லை.

உரிமை விவசாயிகளிடம் இருந்திருந்தால் எல்லாம் நலமாக முடிந்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. இதே 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்து, இதே 1897-ல் அரவை தொடங்கிய மற்றோர் ஆலை வட குவீன்ஸ்லாந்தில் உள்ள மாஸ்மன் ஆலை. வெளியார் கைக்குச் சென்ற அதை 2019-ல் விவசாயிகள் முன்னின்ற ஒரு நிறுவனம் திரும்பப் பெற்றது. எனினும் 2023-ன் இறுதியில் அந்நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்து, 2024-ல் கலைக்கப்பட்டது. வயலில் நின்ற கரும்பைத் தொலைவில் உள்ள ஆலைக்கு லாரிகளில் அனுப்பச் சர்க்காரின் உதவியை நாடவேண்டியதாயிற்று. உரிமையோடு போதிய கரும்பும், இயந்திரங்களைப் புதுப்பிக்கப் போதிய மூலதனமும் சேர்ந்தால்தான் ஆலை நிலைக்கும்.

ஆலை போன பின்

நாம்பூர் வட்டாரத்து விவசாயிகளுள் சிலர் தம் கரும்பை வடக்கே மேரிபரோ ஆலைக்கு லாரிகளில் அனுப்பினர். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தின் செலவு இலாபத்தை விழுங்கியது. அந்த ஆலையும் 2020-ல் மூடப்பட்டது. பலர் கரும்பை விட்டு மாடு மேய்ச்சலுக்கும் வேறு பயிருக்கும் மாறினர். பல வயல்கள் புதர் மண்டின.

ஆலைக் கட்டடம் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் பெரிய கடைத்தொகுதி எழுந்தது. ஆயினும் ஊர் அழிந்துவிடவில்லை. ஏன்? ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே நாம்பூரில் ரயில் நிலையமும், பெரிய மருத்துவமனையும், பள்ளிகளும், உள்ளாட்சித் தலைமை அலுவலகமும் அமைந்திருந்தன. ஒரு தூண் சாய்ந்தபோது மற்றத் தூண்கள் கூரையைத் தாங்கின. அத்தூண்களும் நிலையானவை அல்ல. 2008-ல் உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டபின் நிர்வாகம் படிப்படியாகக் கடற்கரை நகருக்கு நகர்ந்தது. 2017-ல் புதிய பெரிய மருத்துவமனையும் கடற்கரைப் பக்கமே திறக்கப்பட்டது. நாம்பூரின் போராட்டம் முடிந்துவிடவில்லை.

பழைய நினைவுகளையும் ஊரார் காத்துள்ளனர். வீதியில் பதிந்த கரும்பு ரயில் தண்டவாளமும், ஆலைத் தொழிலாளர் வீடுகளும் மாநிலத்தின் பாரம்பரியச் சின்னங்களாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன.

கைவிடப்பட்ட கரும்பு நிலத்துக்கு அவர்கள் கண்ட வழி நம் கருத்தைக் கவர்கிறது. மரூச்சி சமவெளி தாழ்வானது. வீடு கட்ட ஏற்றதன்று. வடிகாலும் மதகும் அமைத்துக் கடல்நீரைத் தடுத்தே அங்குக் கரும்பு பயிரிட்டனர். பயிர் நின்றபின், ஓரிடத்தில் மதகுகள் பழுதாகிக் கடல்நீர் உட்புகவே, அந்த வயல்கள் சதுப்பு நிலமாகி நீர்ப்பறவைகள் திரண்டன. ஏறத்தாழ 190 ஹெக்டேர் பரப்புள்ள அந்த யாண்டினா ஓடைச் சதுப்பு நிலத்தை, அவ்வட்டாரத்தின் பொதுத்துறைக் குடிநீர் நிறுவனம் 2016-ல் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. இன்று 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட வெள்ளச் சமவெளியை, வெள்ளநீர் தங்கும் இடமாகவும் சதுப்பு நிலமாகவும் பேண, உள்ளாட்சியும் குடிநீர் நிறுவனமும் மாநில சர்க்காரும் ஒன்றுசேர்ந்து திட்டமிட்டு உழைக்கின்றன.

நாம் சிந்திக்க வேண்டியவை

ஆலை உள்ள ஊராட்சிகளின் அங்கத்தினர்களும் விவசாயிகளும் இவ்வரலாற்றிலிருந்து நான்கு விஷயங்களைக் கொள்ளலாம் என்பது நம் கருத்து.

முதலாவது, ஆலையின் பங்கு என்பது வெறும் காகிதம் அன்று. அதை விற்கும்போது ஆலையின் விதியைத் தீர்மானிக்கும் உரிமையையும் விற்கிறோம்.

இரண்டாவது, ஆலை நிலைக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு கரும்பு வேண்டும் என்பதை ஊரார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். விளைநிலம் மனையாக மாறும்போது உள்ளாட்சி அந்தக் கணக்கையும் பார்த்தல் நலம்.

மூன்றாவது, ஆலை நன்கு ஓடும் நாட்களிலேயே பள்ளி, மருத்துவமனை, சாலை, வேறு கைத்தொழில் ஆகியவற்றை வளர்த்தல் வேண்டும். ஆலை நின்றபின் அவற்றைத் தேடினால் கைப்பொருள் இராது.

நான்காவது, நிலத்தின் இயல்பு அறிந்து அதன் அடுத்த பயனைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு பயிர் போய்விட்டதால் நிலம் வீணாகிவிட்டது என்பதில்லை.

1890-களில் சிறு விவசாயிகள் நிலத்தை ஈடு வைத்துக் கட்டிய ஆலை நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஊருக்குச் சோறிட்டது. அது அவர்கள் ஒற்றுமையின் பயன். அதன் முடிவோ, ஆலையைப் பற்றி ஊரார் ஒன்றுகூடி முடிவு செய்யும் வாய்ப்பு மெல்ல மெல்ல நழுவியதன் பயன். ஆலை ஓடும் ஊர்களில் வாழ்வோர், அந்த வாய்ப்பு தம் கையில் இருக்கும்போதே அதைப் பயன்படுத்திக்கொள்வார்களாக.