சுவருக்கும் ஒரு பொது பாஷை!

ஆர்க்கிடெக்ட் தன் கம்ப்யூட்டரில் அழகாக ஒரு ஹால் வரைகிறார். இன்ஜினீயர் தன் கம்ப்யூட்டரில் அதே ஹாலுக்குக் குறுக்கே ஒரு பீம் போடுகிறார். ஏ.சி. ஆசாமி, அந்த பீமின் வயிற்றிலேயே குழாயைச் செருகுகிறார். மூவருமே கெட்டிக்காரர்கள்தான். ஆனால், மூவருக்கும் மூன்று சாஃப்ட்வேர். பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி மாதிரி அவற்றுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது! குட்டு எப்போது உடையும்? கான்கிரீட் இறுகிய பிறகு. முதலில் டிரில்லிங் மெஷின் வரும். பின்னாலேயே பில் வரும்!

இந்தக் கூத்துக்கு ஆகும் செலவை அமெரிக்காவில் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். 'நிஸ்ட்' என்ற அரசு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, பெரிய கட்டடங்கள், தொழிற்சாலைகளில் தகவல் ஒழுங்காகக் கைமாறாததால் 2002-ல் மட்டும் நஷ்டம் 1,580 கோடி டாலர்! அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு விடிந்தது கட்டடச் சொந்தக்காரர், பராமரிப்பவர் தலையில்.

மருந்து தேடும் வேலை 1994-லேயே ஆரம்பித்துவிட்டது. ஆட்டோடெஸ்க் கம்பெனி முன்னின்று 12 அமெரிக்கக் கம்பெனிகளைச் சேர்த்தது. 'இது ஒரு கம்பெனி சொத்தாக இருந்தால் உருப்படாது' என்று 1995-ல் எல்லோருக்கும் கதவு திறந்தார்கள். பிறந்தது, 'ஐ.எஃப்.சி.' என்ற பொது பாஷை. அதை வளர்க்கும் அமைப்புக்கு இன்று 'பில்டிங்ஸ்மார்ட்' என்று பெயர். 2013-ல் அது ஐ.எஸ்.ஓ. 16739 என்ற முழுமையான சர்வதேசத் தரமாகவே ஆகிவிட்டது.

அப்படி என்ன விசேஷம்? பழைய டிராயிங்கில் சுவர் என்றால் இரண்டு கோடு, அவ்வளவுதான். ஐ.எஃப்.சி.யிலோ சுவர் பயோடேட்டாவே கொடுக்கும். 'நான் சுவர். இரண்டாவது மாடி. கனம் இவ்வளவு. தீயை இத்தனை நேரம் தாங்குவேன். என்னிடம் ஒரு கதவு இருக்கிறது!' ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்தில் தனி அடையாளம் உண்டு. மூவரின் ஃபைலையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், குழாய் பீமில் முட்டுவது ஸ்கிரீனிலேயே தெரிந்துவிடும்.

பின்லாந்தில் 'செனட் ப்ராப்பர்ட்டீஸ்' என்ற அரசு நிறுவனம், 2007 அக்டோபரிலிருந்து தன் ப்ராஜெக்ட்களில் ஐ.எஃப்.சி. மாடல் கட்டாயம் என்றது.

குறையே இல்லையா? உண்டு ஸார். ஒரு சாஃப்ட்வேரிலிருந்து மாற்றும்போது சில விவரங்கள் வழியில் நழுவும். அடுத்தவர் அதை வாங்கிப் பார்க்கலாம், அளக்கலாம், சரிபார்க்கலாம். தன் இஷ்டத்துக்குத் திருத்தி வரைவதுதான் கஷ்டம்.

ஆனாலும் இது ஏன் முக்கியம்? கட்டடத்துக்கு ஆயுசு ஐம்பது, அறுபது வருஷம். சாஃப்ட்வேருக்கு? எண்பதுகளில் ஆபீஸ் ஆபீஸாக ஆண்ட 'வேர்ட்ஸ்டார்' இப்போது எங்கே? ஒரு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கழித்துத் தீப்பிடித்தால், எந்தச் சுவருக்குப் பின்னால் எந்தக் குழாய் என்று யாராவது ஃபைலைத் திறந்து பார்த்தாக வேண்டும். அன்று அந்த சாஃப்ட்வேர் கம்பெனியே இல்லாவிட்டால்?

புது பில்டிங்கின் சாவியை வாங்கும்போது ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். கூடவே, "இதை வேறு யாராலும் திறக்க முடியுமா?" என்றும் கேட்டுவிடுங்கள்!