சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பட்டறை. பதினைந்து வருஷத்துக்கு மேல் மண் அள்ளிய பேக்ஹோ வண்டி ஒன்று நிற்கிறது. நம் ஊரில் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ‘ஜேசிபி’ என்றே அழைக்கிறோமே, அந்த வகை. ராத்திரி வண்டிக்கு அடியில் போட்டுவைத்த அட்டையில், விடிவதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

“கியர் பாக்ஸ் ஒழுகுதுங்கண்ணே, முன் சீலை மாத்திருங்க” என்றார் ஆபரேட்டர்.

“எந்த ஆயிலுன்னே தெரியாம எந்த சீலைத் தம்பி மாத்தறது?” என்றார் மெக்கானிக். ஸ்பேனர் பக்கம் அவர் கை போகவில்லை. கறையைத் தொட்டு, இரு விரலுக்கு நடுவே தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே வண்டிக்குள் நான்கைந்து எண்ணெய்கள் ஓடுகின்றன. இன்ஜின் ஆயில் புகைக்கரி கலந்து கறுத்திருக்கும். ஆக்ஸிலில் இருக்கும் கியர் ஆயில் கெட்டியானது, அதன் கந்தக நெடி மூக்கைப் பிடிக்கும். ஹைட்ராலிக் ஆயில் தேன் நிறத்தில் மெல்லியதாக வழியும். கார்களின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் எண்ணெய்க்குப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் சேர்ப்பார்கள், ஒழுகினால் பார்த்ததும் அடையாளம் தெரியட்டும் என்று. பழைய கனரக வண்டிகளிலோ பல கியர் பாக்ஸ்கள் 10 அல்லது 30 கிரேடு எண்ணெயில் ஓடுபவை. அதுவும் தேன் நிறம்தான். கடைசியாக என்ன ஊற்றினீர்கள் என்று ஆபரேட்டரிடம் கேட்டால்தான் உண்டு. தீய்ந்த வாடை வந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், உள்ளே கிளட்ச் தகடுகள் கருகுகின்றன.

கியர் பாக்ஸ் எண்ணெய் வெறும் மசகு அல்ல. இன்ஜினின் இழுவிசையைச் சக்கரத்துக்குக் கடத்துவதே அதுதான். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுழன்று காற்றைத் தள்ள, மற்றது தானே சுழலும். இங்கே காற்றின் வேலையை எண்ணெய் செய்கிறது. திரும்பி வரும் எண்ணெயை நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் திசைமாற்றி அனுப்புவதால் முறுக்குவிசை கூடுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றது கப்பல்களுக்காக. மண்வாரி வண்டிகளுக்கு அது பின்னாளில் வந்து சேர்ந்தது. முன்னே பின்னே போக வைக்கும் கிளட்சுகளை அழுத்துவதும், சூட்டை வாங்கிக்கொண்டு கூலருக்குப் போவதும் இதே எண்ணெய்தான். அது குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் இறங்கும், கிளட்ச் வழுக்கும். லீவரைத் தள்ளினால் வண்டி ஒரு கணம் தாமதித்து நகரும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல்.

அடுத்து மெக்கானிக் கேஜ் கம்பியை உருவினார். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இன்ஜினை நிறுத்தினால் கன்வர்ட்டரில் இருக்கும் எண்ணெய் மெல்ல கீழே இறங்கி அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டிய வண்டி எது, நிறுத்திப் பார்க்க வேண்டியது எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் முறைப்படிதான் பார்த்தார். ஒழுகும் கியர் பாக்ஸில் எண்ணெய் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? மேல்கோட்டுக்கும் மேலே இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

என் கவனம் முழுக்க அங்கே போய் நின்றுவிட்டது.

வண்டியின் வயிற்றைச் சுத்தமாகக் கழுவச் சொன்னார். வருஷக்கணக்கில் படிந்த மண்ணும் எண்ணெயும் சேர்ந்த அழுக்கில் எந்தக் கசிவையும் கண்டுபிடிக்க முடியாது. காய்ந்ததும் முகப் பவுடரைத் தூவி, பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டார். சில இடங்களில் எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஏழைப் பட்டறைக்குப் பவுடரே போதும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஃபேன் காற்று அதைத் தள்ளிக்கொண்டும் போகும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரக்கோடு தொடங்கும் உச்சியைத் தேட வேண்டும். பவுடரில் கோடு விழுந்தது. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டிய எண்ணெய், கியர் பாக்ஸின் தலையில் இருந்த பிரீதர் மூடியிலிருந்து வழிந்து வந்திருந்தது.

பிரீதர் என்பது சூட்டில் விரியும் காற்றை வெளியேற்றும் சிறு மூடி. புழுதியில் அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் ஒழுக வைக்கும். கசிவு என்றதும் காசு செலவில்லாமல் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இந்த வண்டியில் பிரீதர் அடைக்கவில்லை. உள்ளே இடம் போதாமல் நுரைத்துப் பொங்கிய எண்ணெய் அந்த வழியாக வந்திருக்கிறது. ஆபரேட்டர் சொன்னபடி முன் சீலை மாற்றப் போயிருந்தால் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பிரித்திருக்க வேண்டும். அத்தனை வேலையும் வீணாகியிருக்கும்.

“ஹைட்ராலிக் டேங்குக்கு எப்ப ஊத்துனீங்க?”

“அது மாசாமாசம் ஊத்தறதுதானுங்கண்ணே.”

பல பேக்ஹோக்களில் ஹைட்ராலிக் பம்ப் கியர் பாக்ஸின் பின்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜினிலிருந்து வரும் ஷாப்ட் கன்வர்ட்டரின் நடுவே நுழைந்து, கியர் பாக்ஸைக் கடந்து பம்பைச் சுழற்றும். இரண்டு எண்ணெய்களுக்கும் நடுவே காவல் நிற்பது ஷாப்டைச் சுற்றிய ஒரு சீல்தான். அது தேய்ந்தால் ஹைட்ராலிக் எண்ணெய் ஓசையில்லாமல் கியர் பாக்ஸுக்குள் குடியேறும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, நிரம்பி வழியும்வரை.

எல்லா வண்டியும் இப்படி இல்லை. நிறுத்திய பிறகு சொட்டினால், எண்ணெய் தானாக வடிந்து தேங்கும் இடங்களைப் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் ஒழுகினால் அழுத்தம் பாயும் கூலர் ஹோஸ், ஓ ரிங் போன்றவற்றை. கூலர் ரேடியேட்டருக்குள்ளே இருக்கும் வண்டிகளில் அது உள்ளே வெடித்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால்போல வெளுக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடும் வண்டியின் ஹோஸ்களைக் கையால் தடவிக் கசிவு தேடாதீர்கள். ஹைட்ராலிக் குழாயின் அழுத்தம் 200 பாரைத் தொடும், பைக் டயரைப் போல நூறு மடங்கு. ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் முள் குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் கையே போகலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். பக்கெட்டைத் தரையில் இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை நிறுத்திய பிறகே அடியில் போக வேண்டும்.

மதியத்துக்குள் பம்பைக் கழற்றினார்கள். சீலின் ரப்பர் உதடு சூட்டில் காய்ந்து நகம்போல விறைத்திருந்தது, வளைத்தால் வெடித்தது. புதிய சீலைக் கையில் வைத்துக்கொண்டே மெக்கானிக் ஷாப்டின் மேல் நகத்தை ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் தடுக்கியது. பழைய சீல் இத்தனை வருஷம் உரசி அறுத்த பள்ளம். அதே இடத்தில் புது உதடு உட்கார்ந்தால் சீக்கிரமே மறுபடியும் ஒழுகும். ஷாப்டுக்கு மெல்லிய எஃகு உறை வாங்கி வரப் பையனை அனுப்பிவிட்டு, இரண்டும் கலந்து கெட்டுப்போன எண்ணெயை வடிக்கத் தொட்டியை அடியில் தள்ளினார்.