ஆய்வுக்குப் போட்ட பணம் இலாபமா, நட்டமா?

கடந்த வாரம் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் சக வியாபாரி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "யூனிட் விலையைக் குறைச்சுத் தந்தாப் போதும் நானா. ஆராய்ச்சி, தொழில்நுட்பம் என்று அரசாங்கம் காசைக் கொட்டுறது எதுக்கு?" என்று கேட்டார். அவரது கோபம் எனக்குப் புரிந்தது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூடியபோது நாம் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. பின்னர் கட்டணம் குறைந்தது என்றாலும் அது கூடுவதும் குறைவதும் நமது கையில் இல்லை. எத்தனை யூனிட் எரிக்கிறோம் என்பதே நமது கையில் உள்ளது.

அவரது கேள்விக்கு ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கணக்கு உண்டு. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், 1977இல் அங்கு வலுசக்தித் திணைக்களம் அமைக்கப்பட்டது. மின்சாரத்தையும் எரிபொருளையும் சிக்கனமாகப் பாவிக்கும் தொழில்நுட்பங்களுக்கு அது ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியது. அந்தப் பணம் பிரயோசனப்பட்டதா என்று தேசிய ஆராய்ச்சிப் பேரவை 2001இல் ஐந்தொகை போட்டுப் பார்த்தது. 1978 முதல் 2000 வரை சிக்கன ஆய்வுக்குச் செலவானது சுமார் 700 கோடி டொலர். ஆராயப்பட்ட திட்டங்களால் நாட்டுக்குக் கிடைத்த பலனோ சுமார் 3,000 கோடி டொலர்.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அந்த இலாபத்தின் முக்கால்வாசி மூன்றே மூன்று சிறிய திட்டங்களிலிருந்து வந்தது. ஒன்று, குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசர். மற்றொன்று, வெப்பம் கடப்பதைக் குறைக்கும் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி. மூன்றாவது, டியூப் லைட்டின் இலத்திரனியல் சோக். மறுபுறம், நிலக்கரியை எண்ணெயாக்கப் பெருந்தொகை கொட்டிய திட்டங்கள் சந்தைக்கே வந்து சேரவில்லை.

பழைய சோக் என்பது இரும்பில் செம்புக் கம்பி சுற்றியது. மின்சாரத்தின் ஒரு பகுதியைச் சூடாக்கி வீணடிக்கும். இலத்திரனியல் சோக் அதில் சுமார் கால்வாசியை மீதப்படுத்தியது. ஆனால் பழைய சோக்கை விற்றுக்கொண்டிருந்த பெரிய கம்பனிகளுக்கு இதில் அக்கறை இருக்கவில்லை. எனவே கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தின் ஊடாக அரசு சிறிய கம்பனிகளுக்குப் பணம் கொடுத்துச் செய்து பார்த்தது. சந்தை பிடித்ததும் பெரியவர்களும் வந்து சேர்ந்தார்கள். தனி முதலாளி ஏற்கத் தயங்கும் ஆரம்ப நட்டத்தை அரசு ஏற்றது என்பதே இதன் சாரம்.

ஆய்வு மட்டும் போதவில்லை. அதனுடன் சட்டத் தராதரமும் சேர்ந்தே வந்தது. 1970களில் அங்கு விற்பனையான சாதாரண குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்கு 1,800 யூனிட் அளவில் எடுத்தது. 2001ஆம் ஆண்டின் தராதரத்துக்குப் பின்னர் அது 500 யூனிட் அளவுக்கு இறங்கியது.

இனி நமது கடைக்கு வருவோம். பழைய சோக்குடன் ஒரு டியூப் 50 வாற்ஸ் எடுக்கும் என்று வையுங்கள். 20 டியூப்கள், நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 26 நாட்கள் எரிந்தால் 260 யூனிட். அதே இடத்தில் 18 வாற்ஸ் எல்.ஈ.டி. போட்டால் 94 யூனிட்டுக்கும் குறைவு. மாதம் 166 யூனிட் மிச்சம். யூனிட் விலை எதுவானாலும் இந்த மிச்சம் நம்முடையது.

இலங்கையிலும் அத்திவாரம் இல்லாமலில்லை. ஏக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் 1974இல் உருவானது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகார சபை வந்தது. நமது வர்த்தக சங்கங்கள் இவற்றின் கதவைத் தட்டி, பேக்கரிப் போறணை, அரிசி ஆலை, குளிரூட்டும் அறை போன்ற நமது தேவைகளை எடுத்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு செலவாகியது, எத்தனை யூனிட் மிச்சமானது என்ற கணக்கையும் கேட்க வேண்டும். பொதுப் பணம் அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்பது குற்றமல்ல, கடமை.

பள்ளி முற்றத்தில் கேட்ட அந்தச் சகோதரரிடம் நான் சொன்னதும் இதுதான். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலையில் தனது கடை டியூப்களை எண்ணிக்கொண்டு நின்றதைக் கண்டேன். நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.