தாலியும் சேமநிதியும்: கட்டுரைக்கு ஒரு தலைப்பு, வீட்டுக்கு ஒரு வேலை

‘முதியோர் நலன்’ என்று கருத்து விளக்கக் கட்டுரை கொடுத்தால், ஐந்தாம் படிவ மாணவர்கள் பலர் “பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது” என்பதோடு நின்றுவிடுகிறார்கள். தவறில்லை. ஆனால், ஓய்வுக்காலப் பணம் யார் கைக்குப் போகிறது என்று ஒரு பத்தி எழுதினால் கட்டுரை கனமாகும்.

ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில், என் மாணவி ஒருத்தியின் பாட்டிக்கு நடந்தது இது. தாத்தா பால்மரம் சீவும் வேலையில் சேர்ந்தபோது கல்யாணம் ஆகவில்லை. சேமநிதிப் பாரத்தில் அக்கா பேரை எழுதினார். பிறகு தாலி கட்டி, பிள்ளைகள் பெற்று, வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். பணம் முழுக்க அக்காவுக்கு! “நான் பெண்டாட்டி இல்லையா, டீச்சர்?” என்று பாட்டி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

பதில் சட்டத்தில் இருக்கிறது. திருமணம் செய்தால் அதற்கு முன் எழுதிய உயில் ரத்தாகும். 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஊழியர் சேமநிதியில் செய்த நியமனமோ திருமணத்தால் தானாக மாறாது. முஸ்லிம் அல்லாதவர் விஷயத்தில் நியமனதாரரே அந்தப் பணத்துக்கு உரியவர். இங்கேதான் ‘வாரிசு’, ‘நியமனதாரர்’ என்ற இரண்டு சொல்லும் பிரிகின்றன. மாணவர்கள் இவற்றை மாற்றி எழுத வேண்டாம்.

நியமனமும் உயிலும் இல்லையென்றால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பணம் பிரியும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை, பிள்ளைகள் உண்டு என்றால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோரும் இருந்தால் துணைக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. 1997ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கணவன் மனைவி இருவருக்கும் ஒரே கணக்குதான். அதற்கு முன்பு மனைவி இறந்தால் அவள் சொத்து முழுதும் கணவனுக்கே போனது!

அடுத்து, “துணை” என்பதற்கு என்ன ஆதாரம்? திருமணம், மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த கல்யாணங்கள் பதிவானதாகவே கருதப்படும். ஆனாலும் தேசியப் பதிவிலாகாவில் விருப்பப்பட்டுப் பதிந்து சான்றிதழ் எடுத்து வைக்கலாம். அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கம் அப்படிப்பட்ட தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தேதிக்குப் பின் என்றால் பதிவு கட்டாயம்.

துணையை இழந்த இருவர் அறுபது வயதுக்கு மேல் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, “இந்த வயசில் பதிவு எதுக்கு?” என்று விட்டுவிடுவதும் உண்டு. பிள்ளைகள் பங்குக்குப் பயந்து தடுப்பதும் உண்டு. அந்தப் பயத்துக்கு உயில் எழுதலாம், நியமனத்தைப் பிரித்து எழுதலாம். பதிவைத் தள்ளிப்போட்டால் கஷ்டப்படப்போவது கடைசியில் தனியாக நிற்பவர்தான். சொக்சோவின் பிழைத்தோர் ஓய்வூதியத்துக்கு மனு செய்யப்போனாலும் கணவன் மனைவி என்பதற்குத் திருமணச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

உயிரோடு இருக்கும்போதே பகிரவும் வழி உண்டு. வேலை செய்யும் கணவர், தம் சம்பளத்தில் பிடிக்கும் சந்தாவில் 2 விழுக்காட்டை மனைவியின் சேமநிதிக் கணக்குக்கு மாற்றிவிடலாம். திட்டத்தின் பெயர் ‘ஐ-சாயாங்’.

ஆசிரியர்கள் இதைப் பாடமாக எடுத்தால், வீட்டில் நியமனம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். என் வகுப்பில் நாலு பேர் வீட்டில் மறுவாரமே பாரத்தை மாற்றினார்கள்.