வேலியை நகர்த்த முதல்: லினக்ஸ் கணனியில் இடத்தைப் பெருப்பித்தல்



2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்தது. பழைய மடிக்கணனியை எறிய மனமில்லாமல், விண்டோசுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் போட்டவர்கள் ஹாலேயிலும் உண்டு. கொஞ்சக் காலத்தில் லினக்ஸ் 'இடம் போதாது' என்று சொல்லத் தொடங்கும். வன்தட்டில் இடம் இருக்கும். ஆனால் அது விண்டோசின் பக்கம் இருக்கும்.

வன்தட்டை ஒரு காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிசன் என்பது வேலி போட்ட துண்டு. அதற்குள் கோப்புகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது கோப்பு முறைமை. துண்டைச் சுருக்குவதென்றால் முதலில் பயிரை உள்ளே ஒதுக்கி, பிறகுதான் வேலியை நகர்த்த வேண்டும். பெருப்பிப்பதென்றால் மறுவளம்: முதலில் வேலி, பிறகு பயிர். ஒழுங்கு மாறினால் வேலிக்கு வெளியே நின்றவை போய்விடும். ஜிபார்ட்டட் என்ற இலவச மென்பொருள் இந்த ஒழுங்கைத் தானே கவனிக்கும். ஆனால் நடுவில் மின்சாரம் நின்றால் அதனாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுப்பது. வதிவிட அனுமதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இன்று கணனியில்தான் இருக்கின்றன. அல்பத்தை ஊரிலேயே விட்டு வந்த குடும்பத்துக்கு, உறவினர் ஸ்கான் செய்து அனுப்பியதுதான் அம்மம்மாவின் ஒரே படமாக இருக்கலாம். எடுத்த பிரதியில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

பிறகு செய்ய வேண்டியவை:

1. விண்டோசின் துண்டை விண்டோசுக்குள் இருந்தே சுருக்குங்கள். ஜேர்மன் மொழியில் அந்தக் கருவியின் பெயர் 'டாட்டன்ட்ரேகர்ஃபெர்வால்டுங்'. பிட்லொக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண்ணை முன்பே எழுதி வையுங்கள். பின்னர் கணனியை முழுமையாக அணையுங்கள்.

2. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸின் துண்டை நகர்த்த முடியாது. லினக்ஸ் நிறுவிய யு.எஸ்.பி. குச்சியில் இருந்து கணனியைத் தொடக்கி, ஜிபார்ட்டட்டைத் திறவுங்கள். துண்டுக்குப் பக்கத்தில் திறப்பு அடையாளம் தெரிந்தால் அது பாவனையில் இருக்கிறது. முதலில் அதை விடுவியுங்கள்.

3. வெறும் இடம் லினக்ஸ் துண்டை ஒட்டியே இருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் வேலை நிமிடங்களில் முடியும். விண்டோசைச் சுருக்கும்போது பெரும்பாலும் இடப்பக்கமே கிடைக்கும். அப்போது துண்டின் தொடக்கமே நகர்வதால், உள்ளே இருப்பது எல்லாம் இடம் மாற வேண்டும், மணிக்கணக்கில் எடுக்கலாம்.

4. பச்சைச் சரி அடையாளத்தை அழுத்தும்வரை எதுவும் மாறாது. அதுவரை மனம் மாறலாம். அழுத்திய பிறகு நிறுத்தக்கூடாது. மடிக்கணனியை மின்சாரத்தில் செருகி விட்டே தொடங்குங்கள்.

குப்பைத்தொட்டியை வெறுமையாக்கி, பெரிய வீடியோக்களை வெளியே மாற்றினாலே சில வேளை இடம் போதும். பிரதி எடுக்க வசதி இல்லையென்றால் அத்துடன் நில்லுங்கள். வேலியைத் தொட வேண்டாம். வெளி வன்தட்டைப் பிறகும் வாங்கலாம், போன படத்தை வாங்க முடியாது.