மாராவுக்குப் போறதுக்கு முன்னாடி கொள்ளுக்குடிப்பட்டி

போன டிசம்பர்ல ஒரு ராத்திரி எங்க ஹாஸ்டல் மொட்டை மாடியில மீட்டிங். பிளேஸ்மென்ட் கிடைச்சவங்க, கிடைக்காதவங்க, கிடைச்சும் ஜாயினிங் டேட் வராதவங்க எல்லாரும் ஆஜர். அஜெண்டா ஒண்ணுதான்: வேலைக்குப் போனதும் முதல் டூர் எங்கே? ஒருத்தன் போனை நீட்டினான். ஆயிரக்கணக்கான காட்டுமாடுகள் ஒரு ஆத்துக்குள்ள குதிக்குது, தண்ணிக்குள்ள முதலை காத்திருக்கு. கென்யா, மசாய் மாரா. "இதான்டா" என்று ஏகமனதாத் தீர்மானம் நிறைவேறிச்சு.

அப்புறம் கணக்குப் போட உட்கார்ந்தோம். 2024-லிருந்து மாரா சரணாலயத்துக்குள்ள நுழைய வெளிநாட்டுக்காரங்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். நாம ரீல்ல பார்க்கிற ஆறு தாண்டுற காட்சி ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவுலதான் நடக்கும். ஆக 200. விமான டிக்கெட், ஜீப், தங்குற செலவு எல்லாம் தனி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாள் முன்னாடியே போட்டு சர்டிஃபிகேட் வாங்கணும், இல்லாட்டி திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்டுலயே பிடிச்சு வச்சுக்குவாங்க. கால்குலேட்டரை மூடிட்டோம்.

அப்ப ஒரு ஜூனியர், திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன், தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணே, எங்க ஊர்ப்பக்கம் வாங்கண்ணே. பஸ் காசு மட்டும்தான் செலவு." எல்லாரும் சிரிச்சோம். அந்த ஞாயித்துக்கிழமையே நாலு பேர் போனோம்.

அவன் கூட்டிட்டுப் போனது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் தாண்டி, மேலூர் போற பாதையில கொள்ளுக்குடிப்பட்டி. பைக்ல ஒரு மணி நேரம் ஆகாது. நாலு வருஷமா வீக்எண்டுக்கு எங்க போறதுன்னு தெரியாம பிள்ளையார்பட்டிக்கும் பர்மா பஜாருக்கும் சுத்தின எனக்கு இது தெரியாது. உங்கள்ல பாதிப் பேருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன், அதனாலதான் எழுதறேன்.

முதல்ல சைஸைச் சொல்லிடறேன், ஏமாந்துடாதீங்க. டான்சானியாவோட செரெங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டி வடக்கே கென்யா பக்கம் இருக்கிற மாரா சுமார் 1,510. நம்ம வேட்டங்குடி 0.384. அதாவது 38.4 ஹெக்டேர், கிட்டத்தட்ட 95 ஏக்கர். செரெங்கெட்டிக்குள்ள 38 ஆயிரம் வேட்டங்குடியை வைக்கலாம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்க் கண்மாய்கள் சேர்ந்ததுதான் மொத்தமும். 1977-ல அரசு சரணாலயம்னு அறிவிச்சது. ஜீப் கிடையாது. கரையில நின்னு பார்க்கணும், அவ்வளவுதான்.

ஆனா ரெண்டு இடத்துலயும் ஓடுற எஞ்சின் ஒண்ணுதான். மழை.

செரெங்கெட்டியில பத்து லட்சத்துக்கும் மேல காட்டுமாடுகள் வருஷம் பூரா வட்டமடிக்குது. தெற்கே இருக்கிற குட்டைப்புல் சமவெளி பழைய எரிமலைச் சாம்பல் படிஞ்ச மண். அங்க புல்லுல கால்சியம், பாஸ்பரஸ் அதிகம், கன்னு போட்ட தாய்க்கு அது வேணும். அதனால மழைக்காலத்துல தெற்கே போய் பிப்ரவரி வாக்குல கன்னு போடும். சில வாரத்துக்குள்ள லட்சக்கணக்கான கன்னுங்க ஒண்ணாப் பிறக்கும். சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்னாலும் அத்தனையையும் தின்ன முடியாது. அதுதான் அதுங்களோட பாதுகாப்பு. சமவெளி காய்ஞ்சதும் மழை இன்னும் பெய்யுற வடக்குப் பக்கம் நடக்க ஆரம்பிக்கும். வழியில மாரா ஆறு குறுக்கே வரும். நீங்க பார்த்த ரீல் அந்தக் குறுக்குப் பாதையில எடுத்தது.

இப்ப கொள்ளுக்குடிப்பட்டிக்கு வாங்க. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிச்சு, வரத்துக்கால் வழியாத் தண்ணி வந்து, கண்மாய் நிறையுது. கண்மாய்க்குள்ள நாட்டுக் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணியில நிக்குது. (சீமைக்கருவேலம் வேற, அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.) தண்ணி சூழ்ந்த முள் மரத்துல கூடு கட்டினா பூனை, கீரி, நரி எதுவும் ஏறி வர முடியாது. தண்ணிக்குள்ள மீன், தவளை, நத்தை. சுத்தி வயக்காட்டுல நண்டும் பூச்சியும். வீடும் சாப்பாடும் ஒரே காம்பவுண்டுக்குள்ள. மழை பொய்ச்சு கண்மாய் வறண்டா இந்த ரெண்டுமே போச்சு, அந்த வருஷம் பறவையும் வராது. சிவகங்கைச் சீமையில அப்படிப்பட்ட வருஷங்கள் குறைவில்ல.

இங்க ஒரு தப்பான தகவலைச் சரி பண்ணணும். "சைபீரியாவிலிருந்து வந்து கூடு கட்டும் பறவைகள்" என்று வருஷா வருஷம் ஃபார்வர்டு வரும். குளிர்காலத்துக்காக வடக்கே ரொம்பத் தூரத்திலிருந்து வர்ற வாத்து இனங்கள் உண்டு. ஆனா அதுங்க இங்க கூடு கட்டாது, தின்னுட்டுக் கிளம்பிடும். மரத்துல கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறதுங்க நம்ம நாட்டுக்குள்ளயே எங்க தண்ணி இருக்குன்னு தேடிப் போற ஜாதி. நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு நீந்துற பாம்புத்தாரா. செரெங்கெட்டி மாடுங்க மாதிரியே மழையின் பின்னாடி அலையுற கூட்டம்.

இதுல என் ஓட்டு நத்தைகுத்தி நாரைக்கு. அதோட அலகை மூடினாலும் நடுவுல ஒரு இடைவெளி தெரியும், ஃபிட்டிங் சரியில்லாத கட்டிங் பிளேயர் மாதிரி. அந்தச் சந்துல நத்தையை வச்சு நொறுக்கும்னு நானும் நினைச்சேன். அப்படி இல்ல. அலகு நுனியை ஓட்டுக்குள்ள விட்டு, சதை ஓட்டோட ஒட்டியிருக்கிற இடத்தை அறுத்து, நத்தையை முழுசா வெளியே எடுக்கும். குஞ்சா இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். பைனாகுலர் இருந்தா கூட்டுல பார்த்தே யார் பிள்ளை, யார் அப்பன்னு சொல்லிடலாம்.

சரி, வெடிச் சமாச்சாரத்துக்கு வர்றேன். இந்த ஊரைப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டிருந்தா அது இதுவாத்தான் இருக்கும்: கொள்ளுக்குடிப்பட்டியில பல வருஷமா தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்ல. ஒவ்வொரு தீபாவளிக்கும் டிவியில ரெண்டு நிமிஷம் காட்டுவாங்க, நாமளும் "செம" என்று ஒரு லைக் போட்டுட்டுப் பட்டாசைப் பத்த வைப்போம். ஏன் வெடிக்கலைன்னா "பறவை பயந்துடும்" என்பதோட செய்தி முடிஞ்சிடும். உண்மையில விஷயம் டைமிங்ல இருக்கு.

தீபாவளி வர்றது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரைக்குள்ள. பறவைங்க வந்து இறங்கி, இந்த மரம் சரியா வருமான்னு பார்க்கிற நேரமும் அதுதான். இதுங்க தனித்தனியா இல்லாம காலனியாக் கூடு கட்டும். முட்டை வச்சு அடைகாக்க ஆரம்பிச்சுட்டா கொஞ்சம் தொந்தரவைத் தாங்கும், ஏன்னா விட்டுட்டுப் போனா நஷ்டம் பெருசு. ஆனா இடம் பார்க்கிற கட்டத்துல விட்டுட்டுப் போக எதுவுமே இல்ல. அந்த ஒரு ராத்திரி பயந்து மொத்தமாக் கிளம்பிட்டா அந்த சீசனுக்கே கண்மாய் காலி. முன்னாடியே வந்து முட்டை வச்சதுங்களுக்கு வேற ஆபத்து. தாய் பதறி எழுந்து பறந்தா, அந்த இடைவெளியில காக்காய்க்கும் பருந்துக்கும் விருந்து. பஸ் சத்தம், டிராக்டர் சத்தம் தினம் கேட்கிறது, அது பழகிடும். திடீர்னு வெடிக்கிறது பழகாது.

இது நம்ம ஜில்லாவுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்ல. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துலயும், ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டைச் சுத்தின கிராமங்கள்லயும் இதே கதைதான். வேடந்தாங்கல் இன்னும் பழசு. பறவைங்களைச் சுட்டதுக்காக ஊர்க்காரங்க முறையிட்டு, 1798-ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயோனல் பிளேஸ்கிட்ட கவுல் வாங்கியிருக்காங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி பயிருக்கு உரம் என்பது அவங்க கணக்கு. அன்பு மட்டும் இல்ல, விவசாயமும் இருந்தது. எனக்கு இந்தக் கணக்கு பிடிச்சிருக்கு.

எங்க ஜூனியரைக் கேட்டேன், சின்னப் பிள்ளையில கஷ்டமா இல்லையாடான்னு. அவங்க சொந்தக்காரங்க வீடு கண்மாய்க்கரைக்குப் பக்கத்துல. "அடம் பிடிச்சா மாமா ஊருக்கு அனுப்பிடுவாங்கண்ணே. அங்க போய் வெடிச்சுட்டு வருவோம்" என்றான். கொஞ்ச நேரம் கழிச்சு, "எப்பவும் அனுப்ப மாட்டாங்க" என்று சேர்த்துக்கிட்டான். டிவியில ரெண்டு நிமிஷத்துல தெரியாதது இதுதான். வெடி வெடிக்காத ஊர் என்று ஒண்ணு கிடையாது. வெடிக்கணும்னு ஆசைப்பட்டு, வருஷா வருஷம் வேண்டாம்னு சொல்லப்படுற பிள்ளைங்கதான் இருக்கு.

நான் கேட்க வந்த கேள்வி இங்க இருக்கு. நாம டிக்கெட் வாங்கி விலங்கைப் பார்த்துட்டு வந்துடறோம். அதோட நிஜமான விலையை யார் கட்டறாங்க?

கிழக்கு ஆப்பிரிக்காவுல இதுக்கு ஒரே பதில் கிடையாது. செரெங்கெட்டியில 1959 வரைக்கும் மசாய் மக்கள் மாடு மேய்ச்சு வாழ்ந்தாங்க. பூங்காவுக்காக அவங்களை வெளியேத்தி, பக்கத்து ங்கோரோங்கோரோவுல விலங்கோட சேர்ந்து வாழலாம்னு சொன்னாங்க. 2022-லிருந்து அங்கேயிருந்தும் வெகுதூரம் தள்ளி ம்சோமேரா என்ற ஊருக்கு மாத்துறாங்க. விருப்பப்பட்டுப் போறாங்கன்னு அரசு சொல்லுது, விரட்டுறாங்கன்னு மசாய் மக்கள்ல பலர் சொல்றாங்க. ரீல்ல மனுஷனே இல்லாத புல்வெளி அவ்வளவு அழகாத் தெரியறதுக்குப் பின்னாடி இது இருக்கு.

கென்யாவுல அம்போசெலி பூங்கா 392 சதுர கிலோமீட்டர்தான். அங்க இருக்கிற யானைங்களுக்கு அது பத்தாது, வெளியே மக்களோட நிலத்துக்குள்ள போய்த்தான் ஆகணும். மாராவைச் சுத்தி வேற ஏற்பாடு. மசாய் குடும்பங்கள் தங்களோட நிலத்தைச் சேர்த்து டூர் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடறாங்க, மாசா மாசம் வாடகை. சிங்கம் நிலத்துல நடமாடினா அது அவங்களுக்கு வருமானம். ருவாண்டாவுல கொரில்லா பார்க்கப் பெர்மிட் 1,500 டாலர், பூங்கா வருமானத்துல 10 சதவீதம் சுத்தியிருக்கிற ஊர்களுக்கு. நல்ல திட்டங்கள்தான். ஆனா 2020-ல கொரோனா வந்து விமானம் நின்னதும் மாரா பக்கம் பல இடத்துல வாடகை குறைஞ்சது.

கொள்ளுக்குடிப்பட்டிக்கு யாரும் வாடகை தர்றதில்ல. தீபாவளிக்கு வனத்துறைக்காரங்க வந்து இனிப்புக் கொடுத்து நன்றி சொல்றாங்க, பேப்பர்ல போட்டோ வரும். காசை வச்சுத் தொடங்காததால 2020-ல நிறுத்தறதுக்கும் எதுவும் இல்ல. இதை நான் பெருமையாச் சொல்றேனா, குறையாச் சொல்றேனான்னு எனக்கே தெளிவா இல்ல. இனிப்புப் பாக்கெட்டோட முடிச்சுக்கிறது கொஞ்சம் சீப்பாத்தான் படுது. பள்ளிக்கூடத்துக்கோ கண்மாய் மராமத்துக்கோ ஒரு நிரந்தர நிதி கேட்டா அது பேராசையா? அதே சமயம் காசு உள்ளே வந்தா, காசு நிக்கிற அன்னிக்கு வெடியும் வந்துடுமோன்னு பயமாவும் இருக்கு. உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க, அடுத்த இதழ்ல போடுவோம்.

போறவங்களுக்கு: நவம்பர்லருந்து பிப்ரவரி வரை நல்ல சீசன், ஆனா காலண்டரைப் பார்க்காம மழையைப் பாருங்க. காலையில ஆறரைக்குள்ள இல்லாட்டி சாயங்காலம் அஞ்சுக்கு மேல கரையில இருக்கணும், பறவைங்க இரைக்குப் போறதும் திரும்பறதும் அப்பதான். மதியம் போனா மரத்துல வெள்ளை வெள்ளையாப் புள்ளி மட்டும் தெரியும். யார்கிட்டயாவது பைனாகுலர் கடன் வாங்கிக்கோங்க. பளிச் சிவப்பு டீ-சர்ட் வேண்டாம், காக்கியோ பச்சையோ போடுங்க. டிரோனை ரூம்லயே வச்சுடுங்க, அனுமதி இல்லாம சரணாலயத்துக்கு மேல பறக்க விடக்கூடாது.

இன்னொண்ணு, பைக். எங்க கூட வந்தவன் சைலன்சர் மாத்தின வண்டி வச்சிருக்கான். ஊருக்குள்ள நுழையும்போது அவனுக்கே உரிய பாணியில ஒரு முறுக்கு முறுக்கினான். திண்ணையில உட்கார்ந்து புளி ஆய்ஞ்சுக்கிட்டிருந்த ஒரு அப்பத்தா தலையைத் தூக்கல. "ஏ அப்பு, வண்டிய அமத்து. உள்ள குஞ்சு கெடக்குல்ல" என்றாங்க, தூங்குற பேரப்பிள்ளையைச் சொல்ற மாதிரி. அங்கேயிருந்து கண்மாய்க்கரை வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கிட்டே போனோம்.