தாய்மாருக்கான பச்சிளங்குழந்தை நலக் கல்வி

தாய்மாருக்கான பச்சிளங்குழந்தை நலக் கல்வி என்பது, மகப்பேற்றை அடுத்து, தாய்க்கும் அவருடன் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் குழந்தையின் உடல்நலத்தைப் பேணும் முறைகளையும், நோயின் அறிகுறிகளை இனங்காணும் முறைகளையும் கற்பிக்கும் பொதுச் சுகாதாரச் செயற்பாடு ஆகும். பிறந்தது முதல் 28 நாட்கள் வரை உள்ள குழந்தை பச்சிளங்குழந்தை எனப்படுகிறது. இக்கல்வி மருத்துவமனையில் தாய் தங்கியிருக்கும்போதும், வீடு திரும்பிய பின் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வரும்போதும், ஊர் மகளிர் குழுக்களின் கூட்டங்களிலும் அளிக்கப்படுகிறது.

தேவை

உலகில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 இலட்சம் குழந்தைகள் பிறந்து 28 நாட்களுக்குள் இறந்தன. இது 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்பில் ஏறத்தாழப் பாதியாகும். பச்சிளங்குழந்தை இறப்புகளில் நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே நிகழ்கிறது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல், நோய்த்தொற்று, பிறவிக் குறைபாடு ஆகியவை முதன்மைக் காரணங்கள் ஆகும்.

சிக்கலற்ற மகப்பேறு எனில் தாய் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார். எனவே ஆபத்து மிகுந்த முதல் வாரத்தின் பெரும்பகுதி, மருத்துவரோ செவிலியரோ அருகில் இல்லாத வீட்டில் கழிகிறது. மேலும், பச்சிளங்குழந்தையின் நோய் பெரியவர்களின் நோயைப் போல் வெளிப்படுவதில்லை. கடும் நோய்த்தொற்று உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். உடல் குளிர்ந்துபோவதும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பதும் மட்டுமே அறிகுறிகளாக இருக்கலாம். அழாமல் தூங்கும் குழந்தையைச் சமர்த்து என்று எண்ணி விட்டுவிட்டால், சில மணி நேரத்தில் நோய் முற்றிவிடக்கூடும். இந்த மாற்றத்தை முதலில் காணக்கூடியவர் தாயே என்பதால், அவருக்கு அளிக்கப்படும் கல்வி சிகிச்சையின் முதற்படியாகக் கருதப்படுகிறது.

கற்பிக்கப்படும் செய்திகள்

தாய்ப்பால்: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் ஊட்டத் தொடங்க வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் மிகுந்துள்ளன. அதைப் பீய்ச்சிக் கொட்டிவிடக் கூடாது. பகலும் இரவுமாக ஒரு நாளில் 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது, தண்ணீரும் தேவையில்லை. தமிழகத்தில் சேனை என்ற பெயரில் சர்க்கரை நீரையோ தேனையோ பிறந்த குழந்தையின் நாவில் வைக்கும் வழக்கம் உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கக்கூடும் என்பதால், ஒரு வயது நிறையும் வரை தேன் கொடுக்கக் கூடாது.

உடல் வெப்பம்: பச்சிளங்குழந்தை தன் உடல் வெப்பத்தை விரைவில் இழந்துவிடும். பிறந்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி வைத்துப் போர்த்துவது வெப்பத்தைக் காக்கும். முதற் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. எடை குறைந்த குழந்தைகளை நீண்ட நேரம் மார்போடு அணைத்து வைத்திருக்கும் முறை கங்காரு தாய் பராமரிப்பு எனப்படுகிறது. இது 1978ஆம் ஆண்டில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கப்பட்டது.

தொப்புள்கொடி: மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைத் தூய்மையாகவும் உலர்ந்தும் வைத்திருந்தாலே போதும். சாம்பல், மஞ்சள், எண்ணெய் முதலியவற்றைப் பூசினால் நோய்த்தொற்று ஏற்படலாம்.

பிற: குழந்தையைத் தொடும் முன் சோப்பு இட்டுக் கைகழுவுதல், மல்லாந்த நிலையில் உறங்கவைத்தல், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதிருத்தல், உரிய காலத்தில் தடுப்பூசி போடுதல் ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன.

ஆபத்து அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

* பால் குடிப்பதை நிறுத்துதல் அல்லது சரியாகக் குடிக்காதிருத்தல்
* வலிப்பு
* அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுதல்
* மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்வாங்குதல்
* தூண்டாமல் கைகால்களை அசைக்காதிருத்தல்
* உடல் வெப்பம் 37.5 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேல் இருத்தல், அல்லது 35.5 பாகைக்குக் கீழ் இறங்குதல்
* முதல் 24 மணி நேரத்தில் மஞ்சட்காமாலை தோன்றுதல், அல்லது எந்த நாளிலும் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல்

ஆய்வுகள்

மகாராட்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், மருத்துவர்களான அபய் பாங், ராணி பாங் இணையர் தொடங்கிய சர்ச் அமைப்பு 39 ஊர்களில் ஓர் ஆய்வை மேற்கொண்டது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு தேடிச் சென்று குழந்தைகளைக் கவனித்தனர். நோய்த்தொற்றுக்கு மருந்தும் அளித்தனர். தாய்மாருக்கு நலக் கல்வியும் வழங்கப்பட்டது. 1,000 பிறப்புகளுக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, 1997-98இல் ஏறத்தாழ 25 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட 47 ஊர்களில் இத்தகைய குறைவு காணப்படவில்லை. முடிவுகள் 1999ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியாயின.

மருந்தும் கல்வியும் சேர்ந்திருந்த இவ்வாய்வில், கல்வியின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய இயலாது. உத்தரப் பிரதேசத்தின் சிவ்கட் பகுதியில் நடந்த ஆய்வு பழக்கவழக்க மாற்றத்தையே அடிப்படையாகக் கொண்டது. பணியாளர்கள் கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின்னும் வீடுகளுக்குச் சென்று, தாயுடன் மட்டுமன்றிக் குடும்பத்தாருடனும் ஊராருடனும் பேசினர். அங்கு பச்சிளங்குழந்தை இறப்பு 54% குறைந்தது என 2008ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான கட்டுரை கூறுகிறது.

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் மாதந்தோறும் கூடித் தம் ஊரின் பேறுகாலச் சிக்கல்களைப் பேசித் தாமே தீர்வுகளைத் தேர்ந்தன. குழுக்கள் இருந்த பகுதிகளில் 1,000 பிறப்புகளுக்கு 26.2 குழந்தைகளும், இல்லாத பகுதிகளில் 36.9 குழந்தைகளும் இறந்ததாக 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வங்காளதேசத்தில் இதே முறையைப் பின்பற்றி 2010இல் வெளியான ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. அங்கு ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒரு குழு மட்டுமே இருந்தது. பின்னர் ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு குழு என அமைத்தபோது இறப்பு 38% குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. போதிய எண்ணிக்கையிலான தாய்மாரைச் சென்றடையாத கல்வி பயன் தராது என்பதை இது உணர்த்துகிறது.

நடைமுறை

2009ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் பச்சிளங்குழந்தைகளுக்கான வீட்டு வருகையைப் பரிந்துரைத்துக் கூட்டறிக்கை வெளியிட்டன. இந்திய அரசு 2011ஆம் ஆண்டில் இதற்கான திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து குழந்தையின் எடையையும் உடல் வெப்பத்தையும் அளந்து, தாய்க்கு அறிவுரை கூறுகிறார். வீட்டில் பிறந்த குழந்தையெனில் முதல் நாளிலும் வருகை உண்டு. தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர்கள் தாய்சேய் நலப் பணியில் முதன்மைப் பங்கு வகிக்கின்றனர்.

வரம்புகள்

வீடு திரும்பும் நாளில் எல்லாச் செய்திகளையும் ஒரே மூச்சில் கூறினால், களைத்திருக்கும் தாயின் நினைவில் அவை தங்குவதில்லை. கற்றதைத் தாயையே திரும்பச் சொல்லச் செய்வதும், எப்படிப் பாலூட்டுகிறார் என்பதை நேரில் பார்த்துத் திருத்துவதும் மிகுந்த பயன் தரும்.

பல குடும்பங்களில் குழந்தைக்கு என்ன கொடுப்பது, எப்போது மருத்துவமனைக்குச் செல்வது என்பவற்றை முடிவு செய்பவர் தாய் அல்லர்; மாமியார், பாட்டி அல்லது கணவரே ஆவர். அவர்களை விட்டுவிட்டுத் தாய்க்கு மட்டும் கற்பித்தால், அறிந்தும் செய்ய இயலாத நிலைக்கு அவர் தள்ளப்படுகிறார். குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் பழியும் அவர்மீதே விழுகிறது.

அறிகுறியைக் கண்டு குழந்தையுடன் புறப்படும் தாய்க்கு ஊர்தியும், சென்றடையும் இடத்தில் சிகிச்சையும் இருந்தால்தான் இக்கல்வி முழுமை பெறும். இந்திய அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய ஜனனி சிசு பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசமாக வழங்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* தாய்ப்பால்
* சீம்பால்
* கங்காரு தாய் பராமரிப்பு
* குழந்தை இறப்பு வீதம்